மலை கடந்த நீரும் எல்லை கடந்த கல்வியும்

முன்னுரை

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகே அமைந்துள்ள வைகை அணை 1959-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. 111 அடி உயரமுள்ள இவ்வணையில் 71 அடி வரை நீர் தேக்கப்படுகிறது. விடுமுறை நாள்களில் அணையையும் அதனைச் சார்ந்த பூங்காவையும் கண்டு களிப்போர் பலர். ஆயினும், அங்குத் தேங்கி நிற்கும் நீர் எங்கிருந்து வந்தது, எங்கே செல்லவிருக்கிறது என்னும் இரு வினாக்களையும் எழுப்பிப் பார்ப்போர் சிலரே.

வைகை வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றும் ஆறு. மழையை நம்பி வாழும் ஆறு. அவ்வாற்றின் நீரை மட்டும் நம்பியிருந்தால் அணை பல ஆண்டுகளில் வறண்டே கிடந்திருக்கும். மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்றின் நீரைப் பொறியாளர் பென்னிகுவிக் 1895-இல் முடித்த அணை தடுத்து நிறுத்தியது. மலையைக் குடைந்த சுரங்க வழியே அந்நீர் கிழக்கே திரும்பியது. லோயர் கேம்ப்பில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, வைகையில் கலந்து, அணையை வந்தடைகிறது. அங்கிருந்து மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் பாசனத்திற்கும் மதுரை மாநகரின் குடிநீருக்கும் செல்கிறது. சுருங்கக் கூறின், இவ்வணையில் நிறைந்திருக்கும் நீரில் பெரும்பகுதி மலைக்கு அப்பால் பெய்த மழை. அதனால் பயனடைவோருள் பலர் அணையைக் கண்ணால் கண்டறியாதவர்.

பொதுப்பணித் துறையினர் இவ்விரண்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும் ஆயக்கட்டு என்றும் வழங்குவர். ஓர் அணையின் மதிப்பை அதன் சுவரின் உயரம் மட்டும் காட்டுவதில்லை. நீர்ப்பிடிப்பும் ஆயக்கட்டும் சேர்ந்தே காட்டுகின்றன. கல்வி நிறுவனத்திற்கும் இது பொருந்தும் என்பது நம் கருத்து. பல்கலைக்கழக ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் பன்னாட்டுக் கல்விப் பணிகளில் ஏன் ஈடுபடுகின்றனர், அதனால் விளைந்த பயன் யாது, அதில் உள்ள இடர்கள் எவை என்பவற்றை நம் மொழியிலும் நம் மண்ணிலும் நிகழ்ந்த சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்னாட்டுக் கல்விப் பணி என்பது யாது?

பன்னாட்டுக் கல்விப் பணி என்றவுடன் விமானப் பயணமும் மாநாட்டு மேடையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை அப்பணியின் ஒரு சிறு கூறேயாகும். பிற நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சில காலம் தங்கிக் கற்பித்தல், அயல்நாட்டு ஆய்வாளருடன் இணைந்து ஒரே சிக்கலை ஆராய்தல், அங்கிருந்து வரும் மாணவர்க்கு இங்கே மொழி பயிற்றுதல், சுவடிகளையும் அரிய நூல்களையும் படியெடுத்துப் பகிர்தல், கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுதல் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

இவற்றில் ஆசிரியர்கள் ஈடுபடுவதற்குப் பதவி உயர்வும் புகழும் ஊர் காணும் விருப்பமும் காரணங்களே அல்ல என்று நாம் கூறவில்லை. அவையும் மனித இயல்பே. எனினும், அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எஞ்சி நிற்கும் காரணம் ஒன்றுண்டு. தாம் எடுத்துக்கொண்ட வினாவிற்குத் தம் ஊரிலேயே முழு விடை கிடைக்காதபோது, விடை இருக்கும் இடத்தை நோக்கி ஓர் ஆசிரியர் நடக்கத் தொடங்குகிறார். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழ் ஆய்வுலகிலேயே உள்ளது.

சிதறிய செல்வத்தைத் தேடியவர்

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். உரோமையில் இறையியல் பயின்ற அவர், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராகப் பணியாற்றியபோது தமிழின்பால் ஆழ்ந்த பற்றுக் கொண்டு, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் பயின்றார். 1952-இல் தமிழ்ப் பண்பாட்டை உலக அறிஞர்க்கு எடுத்துரைக்கும் ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றைத் தூத்துக்குடியிலிருந்து தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஏற்ற பணி கல்வித் துறை விரிவுரையாளர் பணி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார்.

அடிகளார் நாடு நாடாகச் சென்றது ஏன்? தமிழின் வரலாற்றுக்குரிய சான்றுகள் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1554-ஆம் ஆண்டு போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்து ஒரு சிறு நூல் அச்சிடப்பட்டது. அந்நூல் அந்நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. 16,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதி பதினேழாம் நூற்றாண்டு மக்களின் பேச்சு வழக்கிற்கு அரிய சான்றாகும். தமிழ்நாட்டில் எவரும் காணாதிருந்த இவ்வகராதியை அடிகளார் கண்டெடுத்தார். 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபடியும் அச்சேற்றினார். வத்திக்கானில் கிடந்தது கோலாலம்பூரில் அச்சாகி நம் நூலகங்களுக்கு வந்தது.

தனி ஒருவரின் தேடல் அவரோடு முடிந்துவிடக் கூடாது என்று எண்ணிய அடிகளார், 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது அங்கு வந்திருந்த பன்னாட்டு அறிஞர்களை ஒன்று திரட்டி உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமாக இருந்தார். அதன் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968-இல் சென்னையிலும், மூன்றாவது 1970-இல் பாரிசிலும், நான்காவது 1974-இல் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றன. ஐந்தாம் மாநாடு 1981 சனவரியில் மதுரையில் கூடியபோது அடிகளார் உயிருடன் இல்லை. முந்திய ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ஆயினும் அவர் வெட்டிய வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும் கடல் கடந்த ஆய்வும்

தமிழ் இலக்கியம் முழுமைக்கும் பொருந்தும் இவ்வுண்மை இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். இவ்விலக்கியம் தோன்றி வளர்ந்த நிலம் ஒரு மாவட்டமோ ஒரு மாநிலமோ அன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய கடற்கரை ஊர்களும் கொழும்பு, கண்டி, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய கடல் கடந்த ஊர்களும் சேர்ந்ததே அதன் நிலம். வணிகர் சென்ற கப்பல்களில் புலவர்களும் சென்றனர், நூல்களும் சென்றன. சித்தி லெப்பை 1882-இல் கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் அதே காலப்பகுதியில் பினாங்கில் இதழாசிரியராக விளங்கினார். 1887-இல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வெளிவரலாயிற்று. இவற்றுள் எதனையும் ஒதுக்கிவிட்டுத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுத இயலாது. எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டுமாயின் ஒரே ஊரில் அமர்ந்து எழுதவும் இயலாது.

இதனைச் செயலில் காட்டியவர் பேராசிரியர் ம. மு. உவைஸ். தென்னிலங்கைப் பாணந்துறைப் பகுதியில் 1922-இல் பிறந்த அவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்திற்கெனத் தமிழிலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1953-இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றால் ‘சீறாப்புராணம்’ ஒன்றையே பலரும் சுட்டிக்கொண்டிருந்த அக்காலத்தில், காப்பியங்களும் சிற்றிலக்கியங்களும் மெய்ஞ்ஞானப் பாடல்களும் நிறைந்த ஒரு தனிப் பரப்பே உண்டு என்பதை அந்நூல் வெளிப்படுத்தியது. 1970-களின் இறுதியில் அவர் இலங்கையிலிருந்து வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கெனப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அங்குப் பேராசிரியர் பீ. மு. அஜ்மல் கானுடன் இணைந்து ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ என்னும் பெருநூலைப் பல தொகுதிகளாக எழுதினார். 1996-இல் மறைந்தார்.

இந்நூல் வரிசை உருவான முறையை எண்ணிப் பார்ப்பது நன்று. இலங்கைப் பேராசிரியர் ஒருவர் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவருடன் சேர்ந்து எழுதியது இது. இலங்கையில் இருந்தவற்றை ஒருவர் அறிவார். இங்கிருந்தவற்றை மற்றொருவர் அறிவார். இன்று நம் கல்லூரிகளில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பாடமாகப் பயிலும் மாணவர், இவ்விரு அறிவும் கலந்த நீரையே பருகுகின்றனர். இதே கூட்டுணர்வில்தான் 1973-இல் திருச்சியில் தொடங்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் 1979-இல் கொழும்பிலும் 1990-இல் கீழக்கரையிலும் கூடின.

இன்னுமொரு சான்று. முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது வண்ணப்பரிமளப் புலவர் 1572-இல் இயற்றிய ‘ஆயிர மசலா’. நபிகள் நாயகம் அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு சலாம் என்னும் யூத அறிஞர் வினாக்கள் தொடுத்து விடை பெறுவதாக அமைந்தது இந்நூல். நாம் இதனைத் தமிழ் நூலாக மட்டுமே அறிந்திருந்தோம். ஆனால் இதே வினாவிடை நூல் மலாய் மொழியிலும் சாவக மொழியிலும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய பேராசிரியர் ரோனித் ரிச்சி, தமிழ், மலாய், சாவகம் ஆகிய மூன்று மொழி வடிவங்களையும் ஒப்பிட்டு 2011-இல் ஒரு நூல் வெளியிட்டார். அரபு மொழியைப் பொதுச் செல்வமாகக் கொண்டு தென்னாசியாவையும் தென்கிழக்காசியாவையும் இணைத்த ஓர் இலக்கிய உலகம் இருந்தது என்பதை அந்நூல் நிறுவியது. சாவக மொழி அறியாத தமிழறிஞராலோ தமிழ் அறியாத சாவக மொழி அறிஞராலோ இதனைக் கண்டிருக்க இயலுமா? நம் வீட்டுப் பேழையில் இருந்த நூலின் உறவினர் யார் யார் என்பதை அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் நமக்கு அறிவித்தார். அவர் தமிழ் கற்றதும் நாம் அவர்தம் நூலைக் கற்பதும் ஒரே பணியின் இரு பக்கங்களாம்.

பூச்சிக்கு எல்லைக்கோடு இல்லை

மொழித் துறையினர் கூறுவது ஏட்டளவில் நின்றுவிடும் என்று எண்ணுவோர்க்கு வயல்வெளியிலிருந்து ஒரு சான்று தருவோம். நம் மாவட்டம் உழவை நம்பியது. வைகை அணையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது. பப்பாளியும் பட்டுப்புழு வளர்ப்பிற்கான மல்பெரியும் இங்குப் பயிராகின்றன.

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி இனங்காணப்பட்டது. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, பஞ்சு போன்ற வெண்மைப் படலமாய் இலையையும் தண்டையும் காயையும் மூடிச் சாற்றை உறிஞ்சிச் செடியை வாட்டுவது. சில பருவங்களுக்குள் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி எனப் பல பயிர்களைத் தமிழ்நாடெங்கும் அது தாக்கியது. உழவர்கள் மருந்தடித்தனர். மாவுப்பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. மாறாக, நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்தன. மல்பெரித் தோட்டத்திலோ மருந்தடிக்கவே அஞ்சினர். நஞ்சு பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு சாகும் அல்லவா?

மெக்சிகோவில் இப்பூச்சி இவ்வளவு பெருகாமைக்குக் காரணம், அதனை அழிக்கும் இயற்கைப் பகைவர்கள் அங்கு உடனிருப்பதே. பூச்சி கடல் கடந்து வந்தது; பகைவர் வரவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பூச்சி மேலாண்மைப் பன்னாட்டுத் திட்டத்தை இயக்கிய தமிழரான பேராசிரியர் முனியப்பன், இப்பூச்சியை இங்கு இனங்கண்டவர்களுள் ஒருவர். அவர் முன்னர்ப் பசிபிக் பெருங்கடலின் குவாம் தீவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தபோது, அங்கும் இதே பூச்சி பரவி, ஒட்டுண்ணிக் குளவிகளால் அடக்கப்பட்டதை அறிந்தவர். அவ்வனுபவத்தின் துணையால் வழி பிறந்தது. அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் 2010-இல் பெங்களூரிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனத்திற்கு வந்தன. அவை பட்டுப்புழுவிற்கோ பிற நன்மைப் பூச்சிகளுக்கோ தீங்கு செய்யுமா என்று தனிமைக் கூடத்தில் ஆய்ந்த பின்னரே வெளியே விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அவற்றைப் பெருமளவில் வளர்த்து உழவர்க்கு வழங்கினர்.

கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அச்சிறு குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே உண்டு வளர்ந்து, வெறுங்கூட்டை விட்டுப் புதுக் குளவியாய் வெளிப்படும். மீண்டும் வேறொரு மாவுப்பூச்சியைத் தேடும். இவ்வாறு சில மாதங்களிலேயே பூச்சியின் கொடுமை தணிந்தது. மருந்துச் செலவும் குறைந்தது. இதன் பின்னர், 2020-இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி காணப்பட்டுத் தமிழ்நாட்டிலும் பரவியபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் அதற்குரிய குளவி கொண்டுவரப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது. ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் பன்னாட்டுத் தொடர்பு ஓர் ஏழை உழவரின் தோட்டத்தைக் காக்கும் என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இருந்த இடத்திலிருந்தே

இத்தகைய பணிக்கு அயல்நாடு செல்லுதல் இன்றியமையாதது அன்று. அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் மொழிப் பயிற்சி பல்லாண்டுகளாக மதுரையில் நடைபெற்று வருகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்களும் ஓராண்டுக் கல்விக்கென மதுரைக்கு வந்து தங்கியதுண்டு. இங்குத் தமிழ் பயின்று சென்றோருள் சிலர் பின்னர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தனர். அவர்களுக்கு எழுத்தறிவித்த மதுரை ஆசிரியர், நகரின் எல்லையைத் தாண்டாமலேயே பன்னாட்டுக் கல்விப் பணி செய்தவராகிறார்.

கணினியும் இணையமும் இவ்வாய்ப்பை இன்னும் பெருக்கின. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கல் நாளில் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கும் பணியைத் தொடங்கினார். சங்கம் வளர்த்த நகரின் பெயரால் அதற்கு ‘மதுரைத் திட்டம்’ என்று பெயரிட்டார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் கூலி பெறாது தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் அதனை வளர்த்தனர். 2001-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் கடல் கடந்த பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடங்களை வழங்குகிறது. அப்பாடங்களை எழுதியோருள் நம்மைப் போன்ற தமிழாசிரியர் பலர்.

ஐயங்களும் விடைகளும்

இப்பணியைக் குறித்துப் பெரியோர் எழுப்பும் ஐயங்களை ஒதுக்கிவிட இயலாது. முதலாவது ஐயம், சென்றவர் திரும்புவதில்லை என்பது. மதுரைத் தியாகராசர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஏ. கே. இராமானுசன் பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1993-இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். 1962-இல் அப்பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகையைத் தற்செயலாகக் கண்டெடுத்து, அதன் பாடல்கள் பலவற்றை ஆங்கிலமாக்கி 1967-இல் வெளியிட்டார். சங்கக் கவிதையை உலகம் கவிதையாகவே படிக்கத் தொடங்கியதில் அந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. எனினும், நல்லாசிரியர் ஒருவரை இழந்த வகுப்பறைக்கு அது முழு ஈடாகிவிடாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதலின், செல்பவர் தம் நூலையும் நேரத்தையும் தொடர்பையும் புறப்பட்ட இடத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருத்தல் வேண்டும்.

இரண்டாவது ஐயம், வெளிநாட்டுத் தொடர்பு மிகுந்தால் உள்ளூர் மக்களின் கவலை செவியேறாது போகும் என்பது. இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய ஆய்வாளர்கள் கூடி, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகளின் சுவட்டைக் கண்டனர். அம்மரபின் தொடர்ச்சியாகத் தேவாரம் அருகே பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2015-இல் மத்திய அமைச்சரவை இசைவு அளித்தது. ஆனால் நீருக்கும் மலைக்கும் காட்டுயிர்க்கும் என்ன நேருமோ என்று மக்கள் அஞ்சினர், எதிர்ப்பு வலுத்தது. இத்திட்டத்திற்கு இசைவளிக்க இயலாது என்று 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதில் எப்பக்கம் சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. உலக அறிவியல் ஓர் ஊரின் மலைக்கு வரும்போது, அதனை அவ்வூர் மக்களின் மொழியில் முன்கூட்டியே விளக்கவும் அவர்தம் வினாக்களுக்குப் பொறுமையாக விடை கூறவும் அறிந்த ஆசிரியர்கள் வேண்டும் என்பதே நாம் கொள்ளும் பாடம். நீர்ப்பிடிப்பை மட்டும் எண்ணி ஆயக்கட்டை மறந்த அணையால் பயனில்லை.

மூன்றாவது ஐயம், மாணவரின் பாட வேளை வீணாகிறது என்பது. மாநாட்டுச் சான்றிதழ் ஒன்றையே பயனாகக் கொண்டு திரும்பினால் இவ்வையம் உண்மையாகிவிடும். திரும்பிய ஆசிரியர் தாம் கண்டதை வகுப்பில் ஒரு பாடமாகவும் இதழில் ஒரு தமிழ்க் கட்டுரையாகவும் ஆக்கினாரா என்பதே அளவுகோலாக இருக்கட்டும்.

நாம் செய்யத்தக்கன

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கல்லூரி ஒன்று இப்பணியில் எவ்வாறு பங்கு கொள்ளலாம்? முதலில் நம் வீடுகளைத் திறந்து பார்ப்போம். பாட்டனார் காலத்து அரபுத் தமிழ் ஏடுகளும், கொழும்பிலும் பினாங்கிலும் அச்சான பழைய நூல்களும், கடல் கடந்து வணிகம் செய்தோர் எழுதிய கடிதங்களும் எங்கேனும் இருக்கக்கூடும். அவற்றைக் கரையான் தின்னுமுன் பட்டியலிடுதல் நம் மாணவரால் இயலும் செயல். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தி வரும் அழியும் நிலை ஆவணக் காப்புத் திட்டம் போன்ற முயற்சிகள், மூல ஏட்டை நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லாமல், மின்படி மட்டும் எடுத்துப் பாதுகாக்கின்றன. ஏட்டை உடையவர்க்கு இழப்பு இல்லை. உலக ஆய்வாளர்க்கோ பெரும்பேறு.

இரண்டாவதாக, அயல்நாட்டு நூல்களில் நம் இலக்கியம் பற்றி எழுதப்பட்டவற்றைத் தமிழில் சுருக்கித் தருதல் வேண்டும். ‘ஆயிர மசலா’வைக் குறித்து ஆங்கிலத்தில் வந்த ஆய்வை நம் மாணவர் தமிழில் படிக்க இயலாவிடில் அது மலைக்கு அப்பால் நின்ற நீரேயாகும். மூன்றாவதாக, தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து அமர்தல் வேண்டும். பப்பாளிக் குளவியின் கதையை உழவர்க்குப் புரியும் தமிழில் எழுதுவதற்கு இருவர் அறிவும் தேவை.

முடிவுரை

தனிநாயகம் அடிகளார் லிஸ்பனுக்கும் வத்திக்கானுக்கும் சென்றதும், பேராசிரியர் உவைஸ் பாணந்துறையிலிருந்து மதுரைக்கு வந்ததும், பேராசிரியர் முனியப்பன் குவாமில் கண்டதைக் கோவைக்குக் கொணர்ந்ததும் வெவ்வேறு துறைகளில் நிகழ்ந்தவை. எனினும் மூன்றிலும் அடிப்படை ஒன்றே. தமக்கு வேண்டியது எல்லைக்கு அப்பால் உள்ளது என்று அறிந்தனர். அதனைத் தேடி அடைந்தனர். அடைந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கு ஆக்கினர். பல்கலைக்கழக ஆசிரியர் பன்னாட்டுக் கல்விப் பணியில் ஈடுபட வேண்டுவதற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வைகை அணையில் நிறைந்த நீர் அங்கேயே தங்கிவிடுவதில்லை. மதகு திறக்கிறது, கால்வாய் ஓடுகிறது, தொலைவிலுள்ள கடைமடையில் ஒரு நாற்று நிமிர்கிறது. மேடையில் கைதட்டல் பெற்ற கல்வியும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவரின் ஏட்டை எட்டும் நாளில்தான் நிறைவு பெறும். அந்நாளை விரைந்து கொணர்வது ஆசிரியர், மாணவர், சமுதாயப் பெரியோர் ஆகிய மூவரின் கூட்டுக் கடமையாகும்.